பழைய லேப்டாப்பில் ஓஎஸ் ஏறவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

ஓஎஸ் ஏறவில்லை என்றதும் பெரும்பாலானவர்கள் பென்டிரைவை அழித்து, மறுபடி எழுதி, முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வேறொரு விண்டோஸ், வேறொரு லினக்ஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். பொழுதுதான் போகும். பத்து வயதைத் தாண்டிய லேப்டாப்பில் இன்ஸ்டால் தோற்பதற்கு இன்ஸ்டாலரே காரணமாக இருப்பது அபூர்வம். தேய்ந்த ஹார்டு டிஸ்க், பழுதான ரேம், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பூட் முறை (லேப்டாப் ஓஎஸ்ஸைத் தொடங்கும் விதம்) ஆகிய மூன்றில் ஒன்றுதான் அநேகமாகக் காரணமாக இருக்கும். திரையில் வரும் பிழைச்செய்தி இவற்றின் பெயரைச் சொல்லாது. எந்தக் கட்டத்தில் நின்றது, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிற்கிறதா என்ற இரண்டு விவரங்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து தெரியவரும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், பழைய லேப்டாப்பில் எந்த ஓஎஸ் போடுவது என்ற கேள்வி இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை சிப்பாவது வேண்டும். 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் முதல் சில ஆண்டுகளில் வந்தவை எதுவும் அந்த வரம்புக்குள் வராது. சோதனையைத் தாண்டி ஏற்றிவிடும் குறுக்கு வழிகள் உண்டு. ஆனால் 24எச்2 பதிப்பு முதல் எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் இல்லாத சிப்பில் விண்டோஸ் 11 பூட்டே ஆகாது. கோர் 2 டுயோ லேப்டாப்கள் அத்தோடு வெளியே. பூட் ஆகிற சிப்பாக இருந்தாலும் 4 ஜிபி ரேமோடு அதை ஓட்டுவது யாருக்கும் நல்லதில்லை. லினக்ஸ் மின்ட் 22-இன், பளு குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்புதான் இந்த வயது லேப்டாப்புக்கு என் பரிந்துரை. 2 ஜிபி ரேமில் ஏறும், 4 ஜிபி இருந்தால் நிம்மதியாக ஓடும், 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்: சிப் 64 பிட்டா? 32 பிட் சிப்பில் 64 பிட் லினக்ஸ் ஏற்றப் பார்த்தால், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒரே வரியில் காரணத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அதை பென்டிரைவ் கோளாறு என்று எடுத்துக்கொண்டு நாள் முழுக்க எழுதிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பழைய கணினிகளை நெடுநாள் ஆதரித்த டெபியன் லினக்ஸே 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது.

கோப்பும் பென்டிரைவும்

இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பின் (ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) எஸ்எச்ஏ256 எண்ணை, அதாவது கோப்பின் கைரேகையைச் சரிபார்க்காமல் பென்டிரைவில் எழுதாதீர்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில், லினக்ஸில் எஸ்எச்ஏ256சம் என்ற கட்டளைகள் இருக்கின்றன. 64 எழுத்துகள் வரும். இறக்கிய தளத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிட வேண்டும். மொபைல் டேட்டாவில் 3 ஜிபி கோப்பை விட்டு விட்டு இறக்கும் நம் ஊர் வழக்கத்துக்கு இது ரொம்பவே அவசியம்.

8 ஜிபி பென்டிரைவ் போதும், ஆனால் நல்லதாக இருக்க வேண்டும். மலிவாக விற்கும் 64 ஜிபி, 128 ஜிபி பென்டிரைவ்களில் பல உள்ளே 8 ஜிபி கூட இல்லாதவை. எழுதும்போது எல்லாம் சரியாக எழுதியதாகக் காட்டும், படிக்கும்போது குப்பையைத் தரும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருளில் ஒருமுறை சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

விண்டோஸ் ஐஎஸ்ஓவைப் பிரித்து வெறுமனே காப்பி செய்து போடுவது இப்போது சரிவராது. உள்ளே இருக்கும் பெரிய நிறுவல் கோப்பு பெரும்பாலும் 4 ஜிபியைத் தாண்டுகிறது. எஃப்ஏடி32 வடிவம் அதற்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. ஐஎஸ்ஓவை பென்டிரைவில் எழுதித் தரும் ரூஃபஸ் என்ற மென்பொருள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: பெரிய பகுதியை என்டிஎஃப்எஸ் ஆக்கிவிட்டு, பூட் ஆவதற்கென்று குட்டியாக ஒரு பகுதியை ஒதுக்குகிறது. "சிடி டிரைவின் டிரைவர் இல்லை" என்று விண்டோஸ் இன்ஸ்டாலர் கேட்டால் டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். பென்டிரைவை நீல நிற யுஎஸ்பி 3.0 துளையிலிருந்து பிடுங்கிக் கறுப்புத் துளையில் செருகிப் பாருங்கள். அதற்கும் கேட்டால் ஐஎஸ்ஓ கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பூட் முறை: மூன்று இடங்களும் ஒன்றாக இருக்க வேண்டும்

ஓஎஸ் போடுகிறவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். லேப்டாப் இரண்டு விதமாக பூட் ஆகும்: பழைய லெகசி பயாஸ் முறை, புதிய யுஇஎஃப்ஐ முறை. (லேப்டாப்பை இயக்கியதும் ஓஎஸ்ஸுக்கு முன்னால் ஓடும் அமைப்பு நிரல்தான் பயாஸ்.) டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பிரிவு அட்டவணையும் இரண்டு விதம்: பழைய எம்பிஆர், புதிய ஜிபிடி. லெகசியும் எம்பிஆரும் ஒரு கட்சி, யுஇஎஃப்ஐயும் ஜிபிடியும் மறு கட்சி. 2011 முதல் 2014 வரை வந்த லேப்டாப்களில் பல இரண்டு முறையிலும் பூட் ஆகும். குழப்பமே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. லேப்டாப்பின் அமைப்பு, பென்டிரைவ் பூட் ஆன முறை, டிஸ்க்கின் அட்டவணை ஆகிய மூன்றும் ஒரே கட்சியில் இருந்தால் ஓஎஸ் ஏறும். ஒன்று மாறினாலும் எங்கோ ஓரிடத்தில் முட்டிக்கொள்ளும்.

பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். லெனோவோ, டெல், ஏசர் லேப்டாப்களில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் அந்த மெனுவை இயக்கிவிட வேண்டும். பல மாடல்களில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். சில லெனோவோ மாடல்களில் பவர் பட்டன் பக்கத்திலோ ஓரத்திலோ நோவோ என்றொரு குட்டி பட்டன் இருக்கும்.

மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம். ஒன்றின் பெயருக்கு முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றொன்றில் இருக்காது. கவனிக்காமல் எதையோ ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிப் பிரச்சினை முளைக்கிறது. "இந்த டிஸ்க்கில் எம்பிஆர் அட்டவணை இருக்கிறது, ஜிபிடியில் மட்டும்தான் நிறுவ முடியும்" என்று விண்டோஸ் மறுத்தால், பென்டிரைவ் யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். டிஸ்க்கில் கோளாறு ஒன்றும் இல்லை. டேட்டா வேண்டும் என்றால் வெளியே வந்து யுஇஎஃப்ஐ என்று போடாத வரியில் பூட் செய்யுங்கள். டேட்டா வேண்டாம் என்றால் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தி, வரும் கறுப்புத் திரையில் டிஸ்க்பார்ட் என்ற கட்டளை மூலம் டிஸ்க்கைத் தேர்ந்து, கிளீன் கொடுத்து, ஜிபிடிக்கு மாற்றிக்கொள்ளலாம். கிளீன் என்றால் அந்த டிஸ்க்கில் உள்ள எல்லாப் பிரிவுகளும் போய்விடும். சி டிரைவ் மட்டும் போகும் என்று நினைத்துக் கொடுத்தவர்கள் குடும்பப் படங்களை இழந்திருக்கிறார்கள். எந்த டிஸ்க் எண் என்பதை அதன் கொள்ளளவை வைத்து இரண்டு முறை பார்த்த பிறகே என்டர் தட்ட வேண்டும்.

லினக்ஸில் எந்த முறையில் பூட் ஆகியிருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது சுலபம். லைவ் திரைக்கு (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்) வந்ததும் கோப்பு மேலாளரில் மூலக் கோப்புறையைத் திறந்து, சிஸ், அதற்குள் ஃபர்ம்வேர் என்று போங்கள். அங்கே ஈஎஃப்ஐ என்று ஒரு கோப்புறை இருந்தால் யுஇஎஃப்ஐ, இல்லாவிட்டால் லெகசி. இன்ஸ்டால் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் இந்த அரை நிமிட வேலையைச் செய்தால், கடைசிக் கட்டத்தில் "கிரப் நிறுவ முடியவில்லை" என்று வரும் பிழைகளில் முக்கால்வாசி வராது. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்தான் கிரப். யுஇஎஃப்ஐ முறை என்றால் ஈஎஃப்ஐ சிஸ்டம் பிரிவு ஒன்று எஃப்ஏடி32 வடிவில் இருக்க வேண்டும். 300 முதல் 500 எம்பி தாராளம். லெகசி முறையில் ஜிபிடி டிஸ்க் வைத்திருந்தால், பயாஸ் கிரப் என்ற அடையாளத்தோடு 1 எம்பிக்கு வடிவமே இல்லாத ஒரு பிரிவு வேண்டும். அந்த 1 எம்பி இல்லாமல் கிரப் உட்கார இடமில்லை. லெகசி மட்டுமே தெரிந்த லேப்டாப்பாக இருந்தால் வம்பே வேண்டாம், எம்பிஆர் அட்டவணையே போட்டுவிடுங்கள். 2 டிபிக்குக் குறைவான டிஸ்க்குக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை.

எம்பிஆருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. அதில் நான்கு முதன்மைப் பிரிவுகள்தான் வைக்க முடியும். பழைய பிராண்டு லேப்டாப்களில் கம்பெனியே பூட்டுக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று, மீட்புக்கு ஒன்று, தன் கருவிகளுக்கு ஒன்று என்று நான்கையும் நிரப்பிக் கொடுத்திருக்கும். சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி காலியாக வைத்தாலும் லினக்ஸ் இன்ஸ்டாலர் அதைப் "பயன்படுத்த முடியாத இடம்" என்றே காட்டும். நான்கில் ஒன்றை எடுத்தால்தான் வழி. கருவிப் பிரிவை நகலெடுத்துவிட்டு அழிப்பதே நட்டம் குறைவானது.

கையொப்பம் சரியாக இல்லாத பூட் கோப்புகளைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது நல்லது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, லினக்ஸும் சேர்த்து வைத்திருந்த பல கணினிகளில் "எஸ்பிஏடி சரிபார்ப்பு தோல்வி" என்று சொல்லி லினக்ஸ் பூட் ஆகாமல் போனது. பழைய பென்டிரைவ்களும் அதே செய்தியைக் காட்டும்.

டிஸ்க்கே தெரியவில்லை

இன்ஸ்டாலர் திறக்கிறது, ஆனால் நிறுவ டிஸ்க் எதுவும் இல்லை என்கிறது. முதலில் பயாஸுக்குள் போய் அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் விஷயம் ஹார்டுவேரில். டிஸ்க்கைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். தெரிந்தால் பயாஸில் சாட்டா முறையை (டிஸ்க் இணைப்பு வேலை செய்யும் விதம்) பாருங்கள். ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருந்தால் ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும். ஹார்டு டிஸ்க்கோடு சின்ன எஸ்எஸ்டி ஒன்றை வேகத்துக்காகச் சேர்த்து வந்த 2012, 2013 கால மெல்லிய லேப்டாப்களில் இது அடிக்கடி வரும்.

உள்ளே இருக்கும் விண்டோஸும் வேண்டும் என்றால் அப்படியே மாற்றிவிடக் கூடாது. நீலத்திரையில் போய் நிற்கும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் செய்யும்போதே பயாஸில் ஏஎச்சிஐ ஆக்கிவிட்டு, சேஃப் மோடில் ஒருமுறை வந்த பிறகு அந்தத் தேர்வை எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் சரியான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும்.

பாதியில் நிற்கிறது

காப்பி ஆகும் கட்டத்தில் நிற்பதுதான் பழைய லேப்டாப்பின் நிஜமான நோய். அதே சதவீதத்தில், அதே கோப்பில் ஒவ்வொரு முறையும் நின்றால் ஐஎஸ்ஓ, பென்டிரைவ், ஹார்டு டிஸ்க் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஒருமுறை 23-இல், ஒருமுறை 61-இல், பிழை எண்ணும் வேறு வேறு என்றால் ரேமை முதலில் சந்தேகிக்க வேண்டும். எந்த எண்ணும் வராமல் பொத்தென்று அணைந்தால் சூடு. விண்டோஸில் 80070570 என்று முடியும் எண் "கோப்பு சிதைந்திருக்கிறது" என்கிறது. பென்டிரைவில் சிதைந்ததா, ரேம் வழியாகப் போகும்போது சிதைந்ததா, டிஸ்க்கில் எழுதும்போதா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் அந்த எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் ஆளுக்கொரு தீர்வு சொல்கிறார்கள்.

ஹார்டு டிஸ்க்கைப் பார்க்க லினக்ஸ் லைவ் பென்டிரைவே போதும். மின்ட்டில் டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்து, டிஸ்க்கைத் தேர்ந்து, மேலே உள்ள மெனுவில் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் நலனைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பு) திறவுங்கள். நீளமான பட்டியல் வரும். "டிஸ்க் நலமாக உள்ளது" என்று மேலே போட்டிருப்பதை நம்ப வேண்டாம். சாகக் கிடக்கும் டிஸ்க்கும் அப்படித்தான் சொல்லும். நான்கு வரிகள் போதும். 5-ஆம் வரி, கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகள். 197, படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198, எந்த வகையிலும் படிக்க முடியாதவை. 199, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த எண்ணிக்கை. 197-இல் பூஜ்யத்தைத் தவிர எது இருந்தாலும் அந்த டிஸ்க்கில் ஓஎஸ் போடாதீர்கள். இன்று ஏறினாலும் சில மாதங்களில் பூட் ஆகாமல் போகும், அதோடு உங்கள் கோப்புகளும் போகும். 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் நன்றாக இருக்கலாம். அதன் பட்டைக் கேபிளையோ முனையையோ கழற்றித் துடைத்து அழுத்தி மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். எண்கள் எல்லாம் பூஜ்யமாக இருந்தும் சந்தேகம் என்றால், அதே இடத்தில் நீண்ட சோதனையை ஓட்டுங்கள். 500 ஜிபி டிஸ்க்குக்கு 2 மணி நேரம் வரை ஆகும்.

டிஸ்க் போயிற்று என்றால் பழைய ஹார்டு டிஸ்க்கையே தேடி வாங்க வேண்டாம். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி, போதும். பழைய லேப்டாப்பின் சாட்டா 2 இணைப்பு விநாடிக்கு 300 எம்பிக்கு மேல் தராது என்றாலும் வித்தியாசம் பூட் ஆகும்போதே தெரியும். எஸ்எஸ்டி 7 மிமீ தடிமன், பழைய டிஸ்க் 9.5 மிமீ, நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் சட்டம் இல்லாவிட்டால் தளர்ந்து, முனை விட்டுப்போகும். பழையதிலிருந்து கோப்புகளை எடுக்க வேண்டுமானால் முக்கியமானதை முதலில் எடுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மிச்சம் இருப்பது குறையும்.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. 6-ஆம் பதிப்பிலிருந்து யுஇஎஃப்ஐ முறையிலும் ஓடும். குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது விட வேண்டும்; இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது உத்தமம். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேம் ஆகாது, "ஒன்றுதானே" என்று விடக்கூடாது. இரண்டு துண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக, அதே துளையில் வைத்துச் சோதித்தால் பழுது ரேமிலா, துளையிலா என்றும் தெரியும். பல நேரங்களில் ரேமின் பொன்னிற முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து மாட்டினாலே சிவப்பு வரிகள் மறைந்துவிடும். இதற்கு முன்னால் சார்ஜரைப் பிடுங்குவதும் பேட்டரியைக் கழற்றுவதும் கட்டாயம். புதிதாக வாங்கினால் டிடிஆர்3-ஆ, டிடிஆர்3எல்-ஆ என்று பார்த்து வாங்குங்கள். 4-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களில் பல 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும், 1.5 வோல்ட் துண்டைப் போட்டால் திரையே வராது.

டச்பேடு மேலெழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த நிலையில் ஓஎஸ் பற்றிய பேச்சே வேண்டாம். முதலில் பேட்டரியை எடுத்துவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டுங்கள்.

இன்ஸ்டாலர் தொடங்கும்போதே திரை கறுத்துப்போனால் அது கிராபிக்ஸ். என்விடியா சிப் இருக்கும் லேப்டாப்களில் சகஜம். மின்ட்டின் முதல் மெனுவில் கம்பாட்டிபிலிட்டி மோடு என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்ற லினக்ஸ்களில், கிரப் மெனுவில் ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று ஆங்கிலத்தில் சேர்த்து எஃப்10 அழுத்தினால் போதும்.

ஏறிவிட்டது, ஆனால் பூட் ஆகவில்லை

இன்ஸ்டால் முடிந்து, ரீஸ்டார்ட் செய்து, பென்டிரைவை எடுத்தால் "பூட் ஆகும் சாதனம் இல்லை". இங்கே மறுபடி இன்ஸ்டால் செய்வது வீண். ஓஎஸ் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது. லேப்டாப்பின் ஃபர்ம்வேர் (பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ) அதைப் பார்க்க மறுக்கிறது.

ஏசர் லேப்டாப்களில் இதற்கென்று ஒரு சடங்கே இருக்கிறது. எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய், செக்யூரிட்டி பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வையுங்கள். வைத்த பிறகுதான், அதுவரை மங்கலாக இருந்த "நம்பகமான யுஇஎஃப்ஐ கோப்பைத் தேர்ந்தெடு" என்ற வரி உயிர் பெறும். மங்கலாகவே இருந்தால் செக்யூர் பூட்டை ஒருமுறை இயக்க வேண்டும். அதைத் திறந்து முதல் டிஸ்க், ஈஎஃப்ஐ, உபுண்டு என்று உள்ளே போங்கள். மின்ட் போட்டிருந்தாலும் கோப்புறையின் பெயர் உபுண்டுதான். அங்கே ஷிம்எக்ஸ்64 என்ற கோப்பைத் தேர்ந்து, ஒரு பெயர் கொடுத்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். அடுத்த முறை பூட் வரிசையில் அந்தப் பெயர் தெரியும், அதை மேலே ஏற்றிவிடலாம். கடைசியில் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். மறந்துவிட்டால் பயாஸுக்குள் போகவே முடியாது.

சில எச்பி லேப்டாப்கள் வேறு விதம். பூட் வரிசையில் என்ன எழுதினாலும் விண்டோஸின் பூட் கோப்பையோ, ஈஎஃப்ஐ பிரிவில் பூட் என்ற கோப்புறைக்குள் உள்ள பூட்எக்ஸ்64 கோப்பையோதான் தேடும். கிரப்பை அந்த இரண்டாவது இடத்திலும் நிறுவிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கிரப் நிறுவும் கட்டளையோடு ரிமூவபிள் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அங்கேதான் வைக்கும். கட்டளை பழக்கமில்லாதவர்களுக்கு மின்ட்டின் லைவ் திரையிலேயே பூட் ரிப்பேர் என்ற செயலி இருக்கிறது. ஆனால் லைவ் பென்டிரைவையும் அதே முறையில் பூட் செய்திருக்க வேண்டும். லெகசியில் பூட் செய்துவிட்டு யுஇஎஃப்ஐ இன்ஸ்டாலைச் சரிசெய்யப் பார்த்தால் இன்னும் சிக்கலாகும்.

நேற்று வரை பூட் ஆனது, ஒரு வாரம் சார்ஜர் போடாமல் வைத்திருந்து எடுத்தால் பூட் ஆகவில்லை என்றால் பயாஸின் நினைவைக் காக்கும் சிஆர்2032 பேட்டரியைப் பாருங்கள். அது தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் எல்லாம் கம்பெனி நிலைக்குத் திரும்பிவிடும்: லெகசி என்று வைத்தது யுஇஎஃப்ஐ ஆகும், ஏஎச்சிஐ ரெய்டு ஆகும். தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடுவதால் பிரவுசரில் எந்தத் தளமும் திறக்காது, "இந்த வெளியீடு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று லினக்ஸின் அப்டேட்டும் மறுக்கும். லேப்டாப்களில் இந்தப் பேட்டரி பெரும்பாலும் இரண்டு ஒயரும் ஒரு குட்டி பிளக்கும் சேர்த்துச் சுருட்டப்பட்டு வரும். வெறும் காசு வடிவ பேட்டரியை வாங்கினால் மாட்ட முடியாது.

வைஃபை தெரியாவிட்டால் அநேகமாக பிராட்காம் சிப். ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (ஃபோனின் இணையத்தைப் பகிர்வது) போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையானதைக் காட்டும். இன்ஸ்டாலின்போது விசைப்பலகையை இங்கிலீஷ் யுஎஸ் என்றே விடுங்கள். அங்கே தமிழைத் தேர்ந்தால் பாஸ்வேர்டு பெட்டியில் என்ன விழுந்தது என்றே தெரியாது. உள்ளே வந்த பிறகு ஐபஸ் எம்17என் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.

ரேம் சோதனையில் தேறி, எஸ்எஸ்டியும் புதிது, பூட் முறையும் ஒத்துப்போகிறது, விசிறியும் சுத்தம், அப்படியும் நடுவில் உறைகிறது என்றால் மதர்போர்டில் பழுது. இந்த வயது லேப்டாப்பின் மதர்போர்டுக்குச் செலவு செய்யாதீர்கள். எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டால் வெளி டிஸ்க்காக ஓடும். ஏறிய லினக்ஸோடு அப்படியே வேறொரு பழைய லேப்டாப்பில் மாட்டினாலும், பூட் முறை அதேதான் என்றால், பெரும்பாலும் பூட் ஆகிவிடும்.